நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டம்: ராக்கெட்டுகள் அளந்ததும் இனி அளக்க வேண்டியதும்

நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் இருப்பது போன்ற 210 மெகாவாட் ஜெனரேட்டர் முழுச் சுமையில் ஓடும்போது, அதன் ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆம்பியர் பாயும். அதே நண்பகலில், திருநெல்வேலிக்கும் கன்னியாகுமரிக்கும் மேலே, சுமார் 105 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இயற்கையே ஒரு மின்னோட்டத்தை நடத்துகிறது. அதன் மொத்த அளவு ஒரு லட்சம் ஆம்பியரை ஒட்டி வரும். கம்பியும் கோபுரமும் இல்லாத அந்த ஓட்டம் சூரியன் ஏற ஏறப் பெருகி, உச்சி வேளையை ஒட்டி உச்சம் கண்டு, மாலையில் அடங்குகிறது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் மூன்று பாகை அகலத்துக்குள் அடங்கிய இந்தப் பட்டைக்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயர். அறிவியலாளர்கள் பேச்சில் எலெக்ட்ரோஜெட். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் நெய்வேலி அந்தப் பட்டையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது.

ஒரு லட்சம் ஆம்பியர் என்றாலும் அடர்த்தி மிகக் குறைவு. உச்சத்தில்கூடச் சதுர கிலோமீட்டருக்குப் பத்து ஆம்பியர்தான், அதாவது சதுர மீட்டருக்குப் பத்து மைக்ரோ ஆம்பியர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமும் பத்து இருபது கிலோமீட்டர் கனமும் கொண்ட பரப்பு என்பதால் கூட்டுத்தொகை பெரிதாகிறது. இத்தனை மெலிந்த ஒன்றை, விமானமோ பலூனோ செயற்கைக்கோளோ போய் நிற்க முடியாத உயரத்தில், எப்படி அளப்பது? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் கண்ட விடை ராக்கெட். அதில் இந்தியாவின் பங்கு பெரிது. அந்தப் பங்கை நாம் இன்னும் முழுவதும் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் தரையிலிருந்து தெரிந்தது எவ்வளவு என்று பார்க்கலாம். காந்த ஊசி ஒவ்வொரு பகலிலும் மெல்ல அசைந்து திரும்புவதற்குக் காரணம் மேல்வளியில் ஓடும் மின்னோட்டமே என்று 1882-லேயே பால்ஃபர் ஸ்டூவர்ட் சொல்லிவிட்டார். அயனி மண்டலம் ஒன்று இருப்பதை ரேடியோ அலைகள் மூலம் ஆப்பிள்டன் மெய்ப்பிக்கும் முன்பே வந்த ஊகம் அது. 1922-ல் பெரு நாட்டின் ஹுவாங்காயோவில் காந்த ஆய்வகம் தொடங்கியபோது, மற்ற இடங்களைவிட அங்கே பகல்நேர அசைவு பல மடங்கு பெரிதாக இருப்பது தெரியவந்தது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய எல்லா இடங்களிலும் இதே கதைதான். 1951-ல் சிட்னி சாப்மன் அதற்கு எலெக்ட்ரோஜெட் என்று பெயர் சூட்டினார்.

நம் பக்கத்துக் கதை 1957-ல் சூடு பிடிக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு பிறந்தது. அதை ஒட்டித் திருவனந்தபுரத்திலும், நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் சீக்கிரமே போய்விடக்கூடிய அண்ணாமலை நகரிலும் காந்த ஆய்வகங்கள் எழுந்தன. கொடைக்கானலில் ஏற்கனவே காந்தமானியும் அயனி மண்டலத்தை ரேடியோவால் துழாவும் அயனோசோண்டும் வேலை செய்துகொண்டிருந்தன. திருவனந்தபுரத்தில் பகல் அசைவு மிகப் பெரிது, அண்ணாமலை நகரில் குறைவு, மும்பை அருகே அலிபாகில் இன்னும் குறைவு. பட்டையின் நடுவும் ஓரமும் வெளியும் ஒரே நாட்டுக்குள் கிடைத்தன. திருவனந்தபுர அளவிலிருந்து அலிபாக் அளவைக் கழித்தால் மின்தாரையின் வலிமை வரும் என்ற எளிய கணக்கு இன்றுவரை வழக்கில் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் இடத்தைத் திருநெல்வேலி எடுத்துக்கொண்டது, அண்ணாமலை நகரின் பணி புதுச்சேரிக்குப் போனது, அவ்வளவே மாற்றம்.

ஆனால் தரைக் காந்தமானி, மின்னோட்டம் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று சொல்லாது. மெல்லிய அடுக்கு ஒன்று கீழே ஓடினாலும், தடித்த அடுக்கு மேலே ஓடினாலும் ஊசியில் ஒரே அசைவு வரலாம். தென்னிந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே மின்னோட்டம் மாறும்போதெல்லாம் கீழே பூமிக்குள்ளும் கடலுக்குள்ளும் தூண்டல் மின்னோட்டம் பிறக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாக் நீரிணைப் பகுதியில் நன்கு மின்கடத்தும் பாதை ஒன்று இருப்பதால் அந்த ஓட்டம் அங்கே குவிகிறது என்று 1970-களில் வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, நம் ஊசியில் தெரியும் அசைவில் வானத்தின் பங்கும் மண்ணின் பங்கும் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஓட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். பலூன் பெரும்பாலும் முப்பத்தைந்து, நாற்பது கி.மீ.க்கு மேல் ஏறாது. செயற்கைக்கோளோ 200 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் காற்றின் உராய்வில் நெடுநாள் தாங்காது. இடையில் இருப்பதை ஆய்வு ராக்கெட் மட்டுமே தொடும்.

இந்த மின்னோட்டம் ஏன் இப்படி ஒடுங்கிப் பெருகுகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் ராக்கெட்டில் எதை அளக்க வேண்டும் என்பதே அதிலிருந்துதான் வருகிறது. நூறு கி.மீ. உயரத்தில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாக இருப்பதால் கனமான அயனிகள் மூலக்கூறுகளோடு அடிக்கடி மோதி, காற்றோடு காற்றாகக் கட்டுண்டு கிடக்கின்றன. எலெக்ட்ரான்கள் இலேசானவை, அவற்றைக் காந்தப்புலம் ஆள்கிறது. பகலில் கிழக்கு நோக்கி மீட்டருக்கு அரை மில்லிவோல்ட் போல ஒரு சிறு மின்புலம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டில் காந்தப்புலம் தரைக்கு இணையாக வடக்கு நோக்கிக் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்து எலெக்ட்ரான்களை மேலே தள்ளுகின்றன, அயனிகள் கூடப் போவதில்லை. மேலே எதிர் மின்னூட்டமும் கீழே நேர் மின்னூட்டமும் சேர்ந்து, மீட்டருக்கு ஐந்து முதல் பத்து மில்லிவோல்ட் அளவில் செங்குத்தான மின்புலம் ஒன்று எழுகிறது. மூலப் புலத்தைவிடப் பத்து இருபது மடங்கு பெரிய இந்தப் புலம்தான் எலெக்ட்ரான்களை மேற்கே விரட்டி, கிழக்கு நோக்கிய பெரும் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. காந்தக் கோடுகள் சற்றே சாய்ந்துவிட்டாலும் சேர்ந்த மின்னூட்டம் அக்கோடுகள் வழியே வழிந்தோடிவிடும். அதனால்தான் பட்டை இத்தனை குறுகல். ஆகவே அளக்க வேண்டியவை நான்கு: மின்னோட்டம், எலெக்ட்ரான் அடர்த்தி, மின்புலம், காற்று.

முதல் முயற்சி கடலில் நடந்தது. 1949-ல் அமெரிக்கக் கடற்படையின் நார்ட்டன் சவுண்ட் கப்பலிலிருந்து, பெருவுக்கு அப்பால் காந்த நடுக்கோட்டருகே, காந்தமானியோடு ஏரோபீ ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. சிங்கர், மேப்பிள், போவன் ஆகியோர் 1951-ல் வெளியிட்ட அந்த முடிவு, அயனி மண்டலத்தில் மின்னோட்டம் ஓடுவதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று. நிலத்தில் நின்று இதைத் தொடர்ந்து செய்ய ஓர் இடம் வேண்டியிருந்தது. விக்ரம் சாராபாயின் குழு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதல் காரணம். தேவாலயம் அலுவலகமானதும், மிதிவண்டியில் ராக்கெட் பாகம் போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதைகள். எனக்கு அவற்றைவிட முக்கியம், கடற்கரைகள் எத்தனையோ இருக்க, தும்பாதான் என்று காந்த ஊசி முடிவு செய்தது.

1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், நைக்கி அப்பாச்சி, சோடிய ஆவியை விட்டு மேல்வளிக் காற்றைக் காட்டியது. அடுத்து, 1964 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் காந்தமானிகள் அங்கிருந்து மேலே போயின. மேனார்டு, கேஹில் ஆகியோரோடு அந்த முடிவுகளில் பங்கேற்ற டி.எஸ்.ஜி. சாஸ்திரி, பிறகு தும்பாவின் மேல் அமைதி நாள்களில் மின்தாரை எப்படி இருக்கிறது என்பதைத் தனியே ஆராய்ந்து 1968-ல் வெளியிட்டார்.

அந்த அளவீட்டின் நுட்பம் வியப்பானது. தும்பாவில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. மின்தாரை அதில் உண்டாக்கும் மாற்றம் நூறு நானோடெஸ்லாவை ஒட்டியது. கிழக்கே ஓடும் மின்னோட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை அதன் காந்தப்புலம் பூமியின் புலத்தோடு கூடும், மேலே போனதும் கழியும். ராக்கெட் ஏறும்போது புரோட்டான் காந்தமானி காட்டும் எண், உயரத்தால் இயல்பாகக் குறைய வேண்டியதைக் காட்டிலும் எங்கே வேகமாகச் சரிகிறதோ அங்கேதான் மின்னோட்டம். சரிவு எத்தனை செங்குத்தோ அத்தனை அடர்த்தி. இப்படிப் பார்த்தபோது உச்சம் 105 முதல் 107 கி.மீ. உயரத்தில் விழுந்தது. பெருவுக்கு அப்பால் நடந்த அளவீடுகளும் இதையே சொல்லின.

இரண்டாம் பெரும்பணி அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துடையது. கொடைக்கானலிலும் வானிலைத் துறையிலும் பணியாற்றிய கே.ஆர். ராமநாதன் இயக்குநராக இருந்து வளர்த்த நிறுவனம் அது. அங்கே சத்யபிரகாஷ், பி.எச். சுப்பராயா, எஸ்.பி. குப்தா ஆகியோர் லாங்மியூர் முனையைத் தும்பா ராக்கெட்டுகளுக்கு ஏற்றபடி வடித்தெடுத்தார்கள். கருவி எளிது. ராக்கெட்டின் மூக்கில் ஓர் உலோக முனை, அதற்குச் சில வோல்ட் நேர் மின்னழுத்தம். சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் முனைக்கு ஓடிவரும், அந்த மின்னோட்டத்திலிருந்து அடர்த்தி கிடைக்கும். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் எலெக்ட்ரான்களின் வெப்பநிலையும் தெரியும்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. முனையில் வரும் மின்னோட்டத்தின் நடுக்கத்தையும் தனியே பதிவு செய்தார்கள். ராக்கெட் விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது விநாடிக்கு ஆயிரம் முறை நடுங்கினால், வெளியே ஒரு மீட்டர் அளவுள்ள மேடு பள்ளங்கள் இருக்கின்றன என்று பொருள். பத்து முறை என்றால் நூறு மீட்டர். தரையில் இருக்கும் ரேடார் தன் அலைநீளத்துக்கு ஏற்ற ஓர் அளவை மட்டும் பார்க்கும், ராக்கெட்டோ ஒரே பாய்ச்சலில் எல்லா அளவுகளையும் பார்த்தது. பகலில் எலெக்ட்ரான் அடர்த்தி உயரத்தோடு கூடும் இடங்களில் இந்த ஒழுங்கின்மை பெருகியது. இரவில் மின்புலம் திசைமாறியபோது அடர்த்தி குறையும் இடங்களில் தோன்றியது. குறுக்குப்புல நிலையின்மை என்று கோட்பாடு சொன்னதன் அடையாளம் அப்படியே இதுதான். எலெக்ட்ரான்களின் ஓட்டம் விநாடிக்கு முந்நூற்றைம்பது மீட்டரைத் தாண்டும்போது எழும் இன்னொரு வகை, பார்லியும் பூனமனும் 1963-ல் கணித்த இரு தாரை நிலையின்மை. அதன் அடையாளங்களும் தும்பாப் பதிவுகளில் கிடைத்தன. பிளாஸ்மா இயற்பியலின் ஒரு பாடத்தை உலகுக்கு உறுதிசெய்து கொடுத்த அளவீடுகள் இவை. நம் பள்ளிப் பாடநூல்களில் இவற்றுக்கு ஒரு பத்தியாவது கொடுக்கலாம்.

இனி இந்தத் துறையின் மையமான முரண். மோதல் வீதங்களை வைத்துக் கணக்கிட்ட கோட்பாடுகள் மின்தாரையின் உச்சத்தை ராக்கெட்டுகள் கண்டதைவிடச் சில கி.மீ. கீழே வைத்தன. ஓட்டத்தின் வலிமையையும் கூடுதலாகக் காட்டின. கருவி பிழையா, கோட்பாடு பிழையா? வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு கருவிகளால் ஒரே உயரத்தைக் கண்டதால் கருவியைக் குறைசொல்ல வழியில்லை. 1977-ல் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்கள், எலெக்ட்ரான்களின் மோதல் வீதத்தைப் பல மடங்கு கூட்டினால் கணக்கு பொருந்துகிறது என்று காட்டினார்கள். அப்படிக் கூட்டுவதற்கு இயற்பியல் நியாயம் எங்கே என்ற கேள்விக்கு விடை, தும்பாவின் லாங்மியூர் முனைகள் பதிவுசெய்த அதே ஒழுங்கின்மையில் இருந்தது. கொந்தளிப்பான பிளாஸ்மாவில் நகரும் எலெக்ட்ரான், மூலக்கூறுகளோடு மோதுவதைத் தவிர இந்த மேடு பள்ளங்களாலும் தடுமாறுகிறது. மின்னோட்டம் தானே கொந்தளிப்பை எழுப்பி, அந்தக் கொந்தளிப்பால் தானே கட்டுப்படுகிறது. தரைக் காந்தமானியால் எத்தனை நூற்றாண்டு அளந்தாலும் இது தெரிந்திருக்காது.

மின்புலத்தை அளப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். இரண்டு கோளங்களை நீண்ட கரங்களில் விரித்து, இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் ராக்கெட்டே காந்தப்புலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறுகிறது. விநாடிக்கு ஒரு கி.மீ. வேகம் என்றால், அந்த அசைவால் மட்டும் கிழக்கு மேற்காக மீட்டருக்கு 40 மில்லிவோல்ட் உண்டாகும். நாம் தேடும் கிழக்குப் புலமோ அரை மில்லிவோல்ட். எண்பதில் ஒரு பங்கைக் காண, ராக்கெட்டின் வேகமும் சாய்வும் மிகத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். செங்குத்துப் புலம் பெரியது, திசையும் வேறு என்பதால் அதை அளப்பது ஒப்பீட்டளவில் எளிது. 1994-ல் பிரேசிலின் அல்கான்டராவிலிருந்து நாசா நடத்திய குவாரா ஆய்வுத் தொடரில், மீட்டருக்கு ஒன்பது மில்லிவோல்ட் போல அந்தப் புலம் நேரடியாகப் பதிவானது. மின்தாரைக் கோட்பாட்டின் அச்சாணியான அளவு, பெயர் சூட்டி நாற்பது ஆண்டு கழித்தே கையில் கிடைத்தது.

மின்தாரைக்கு வெகு கீழே எலெக்ட்ரான்கள் அருகிப்போய் அயனிகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன. அங்கே கெர்டியன் மின்தேக்கி பயன்படுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோக உருளைகள் வைத்து, இடையே காற்றை ஓடவிட்டு, மின்னழுத்தத்தை மாற்றி, சேரும் அயனிகளை எண்ணினால் மின்கடத்துதிறன் வரும். 1980-களின் இந்திய நடுவளிமண்டலத் திட்டத்தில் ராக்கெட்டுகளும் ஹைதராபாத் பலூன்களும் சேர்ந்து இந்த அடுக்குகளைத் துழாவின.

இரவு வேறு உலகம். சூரியன் மறைந்தபின் 250 கி.மீ.க்கும் மேலே அயனி மண்டலத்தின் அடிப்பகுதி சில நாள்களில் குலைந்து, எலெக்ட்ரான் வற்றிய குமிழ்கள் மேலெழுகின்றன. ஜி.பி.எஸ். சிக்னல் தடுமாறுவதற்கு இவை ஒரு காரணம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும், ரோகிணி வரிசை ராக்கெட்டான ஆர்.எச்.-560 இந்த உயரத்தைத் தொடக்கூடியது. 1993 பிப்ரவரியில் அங்கிருந்து நடந்த அயனித் துளை ஆய்வில் ராக்கெட்டுகளும் தரைக் கருவிகளும் ஒரே மாலையில் ஒன்றுசேர்ந்து வேலை செய்தன. 2021 மார்ச் 12-லும் ஓர் ஆர்.எச்.-560, காற்றையும் பிளாஸ்மாவையும் அளக்க ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. பகலில், 2010 ஜனவரி 15 வளையச் சூரிய கிரகணத்தின்போது, தும்பாவும் ஸ்ரீஹரிகோட்டாவும் ரோகிணி ராக்கெட்டுகளை வரிசையாக ஏவின. நண்பகலில் சூரியன் ஒளிந்து வெளிவரும்போது எலெக்ட்ரான் அடர்த்தியும் காற்றும் என்ன ஆகின்றன என்று பார்க்கும் வாய்ப்பு அது. 2023 அக்டோபரிலும் 2024 ஏப்ரலிலும் அமெரிக்கக் கிரகணங்களின்போது நாசாவும் ராக்கெட்டுகளை ஏவியது.

ராக்கெட்டுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. மொத்தப் பயணம் சில நிமிடம், மின்தாரைக்குள் இருப்பதோ ஏறும்போதும் இறங்கும்போதும் சில விநாடிகள்தான். ராக்கெட்டின் உடலிலிருந்து கசியும் வாயு, அது விரையும்போது பின்னால் விழும் வெற்றிடம், வெயில் பட்ட உலோகத்திலிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்கள் எல்லாம் அளவைக் கெடுக்கும். ஒரு ராக்கெட் ஒரு கோட்டை மட்டுமே பார்க்கிறது. தரைக் காந்தமானி வருடம் முழுவதும் விழித்திருக்கிறது, ஆனால் உள்ளே பார்க்காது. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சேர்க்கும்போதுதான் அளவீடு நிறைவு பெறும். இதுவரையான ஆய்வுகள் எனக்குச் சொல்லும் முதன்மையான பாடம் இதுதான்.

நெய்வேலி போல மின்சாரத்தை உற்பத்தி செய்து அனுப்பும் ஊருக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. 1989 மார்ச் 13 அன்று காந்தப்புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பைச் சாய்த்தது. சுமார் அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். துருவப் பகுதியில் நூறு கி.மீ. உயரத்தில் ஓடும் மின்தாரையே நீண்ட மின்தடங்களில் தூண்டல் மின்னோட்டத்தைப் புகுத்தியது. நம் பகுதியில் ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் காந்தப்புயல் தொடங்கும் கணத்தில் எழும் திடீர்த் துடிப்பு, பகலில் மின்தாரைப் பட்டைக்குள் பெரிதாக்கப்படுகிறது. நெய்வேலியிலிருந்து தெற்கே போகும் 400 கிலோவோல்ட் தடங்கள் அந்தப் பட்டையை நோக்கித்தான் போகின்றன. எந்த உயரத்தில் எத்தனை மின்னோட்டம் ஓடுகிறது என்று தெரியாமல் டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையில் என்ன பாயும் என்று கணக்கிட முடியாது. இந்த உறவு இருவழிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மும்பையில் மின்சார டிராம் வரவிருந்தபோது கொலாபா காந்த ஆய்வகம் தன் ஊசிகளைக் காப்பாற்ற அலிபாகுக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. காந்தமானிகள் எங்கள் நெய்வேலியைப் போன்ற இடங்களிலிருந்து விலகி நிற்க வேண்டியவை.

அப்படி விலகி நிற்கும் இடம் திருநெல்வேலியில் இருக்கிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம் காந்தமானியோடு ரேடாரையும் வைத்துக்கொண்டு 70 முதல் 100 கி.மீ. வரை காற்றை அளந்து வருகிறது. அங்கிருந்து நேர்க்கோட்டில் ஐம்பது கி.மீ.கூட இல்லாத குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றே ஒரு ரோகிணி ஆய்வு ராக்கெட்டும் அங்கிருந்து பறந்தது. சிறிய செயற்கைக்கோள்களை ஏவுவதற்கான தளம் அது, அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காந்த நடுக்கோட்டருகே இப்படி ஓர் ஏவுதளமும், பக்கத்திலேயே பல்லாண்டுப் பதிவுகள் உள்ள ஓர் ஆய்வகமும் சேர்ந்து அமைவது உலகில் அரிது. ஆர்.எச்.-200 எண்பது கி.மீ.யோடு நின்றுவிடும். நூறைத் தாண்டக்கூடிய ஆர்.எச்.-300 மார்க் 2-க்கு அங்கே ஒரு நிலையான ஏவுமேடை வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வியும் தயாராக இருக்கிறது. சில நாள்களில், பெரும்பாலும் பிற்பகலில், மின்தாரை திசைமாறி மேற்கு நோக்கி ஓடுகிறது. அடிஸ் அபாபாவில் 1960-களில் பியர் குவான் கவனித்துச் சொன்ன இந்தத் தலைகீழ் மின்தாரை, ஆர்க்டிக் வானில் அடுக்குவளி மண்டலம் திடீரென வெப்பமடையும் ஜனவரி மாதங்களில் நம் தலைக்கு மேலும் வலுப்பெறுவதைக் காந்தமானிகள் காட்டியிருக்கின்றன. திசை மாறுவது அடுக்கு முழுவதும் ஒரே சமயத்திலா, அல்லது காற்று வலுவாக வீசும் உயரத்தில் தொடங்கி மற்ற உயரங்களுக்குப் பரவுகிறதா என்பதைத் தரை ஊசி பிரித்துச் சொல்லாது. காந்தமானி, லாங்மியூர் முனை, இரட்டைக்கோள மின்புலமானி மூன்றையும் தாங்கிய ராக்கெட்டை மேடையில் நிறுத்திவைத்து, கிருஷ்ணாபுரத்துப் பதிவு கீழே சரியத் தொடங்கியதும் ஒன்றும், அடியைத் தொட்டதும் ஒன்றும், மீளும்போது ஒன்றுமாக ஏவினால் அந்த ஒரு பிற்பகலே இதற்கு விடை சொல்லிவிடும்.